பின்சீட்டுப் பேச்சு

போன வருஷம் என் ஹெல்மெட்டுக்குள் ஒரு பெண் குடிவந்தாள். "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்பாள். நான் திரும்பாமல் நேராகப் போனால் திட்ட மாட்டாள். "கண்ணு இன்னா பொடனியிலயா கீது" என்று கேட்க மாட்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, வேறு வழி கண்டுபிடித்து, அதே குரலில் அடுத்த திருப்பத்தைச் சொல்வாள். இவ்வளவு பொறுமைசாலியோடு மனுஷன் எப்படிக் குடும்பம் நடத்துவது? மொபைலில் இருக்கும் மேப்பின் குரல்தான் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைப் பிடிக்கவில்லை.

எனக்கு வழி சொல்ல வேண்டியவள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி. வண்டி வாங்கிய புதிதில் அவள்தான் எனக்கு மேப்பு, ரேடியோ, ஹாரன் எல்லாம். பள்ளிப்பட்டு பக்கம் அவளுடைய சின்னம்மா வீட்டுக்குப் போவோம். அவள் சொல்லும் வழியில் மீட்டர் கணக்கெல்லாம் இருக்காது. "பச்ச பெயிண்ட் அடிச்ச ஊடு வரும் பாரு, அத்தத் தாண்டி ஒரு முருங்க மரம், அங்க திரும்பு" என்பாள். அந்தப் பச்சை வீடு போன பொங்கலுக்கே ரோஸ் கலர் ஆகியிருக்கும். நாங்கள் தாண்டிப் போய், ஆந்திரா எல்லைக்குள் நுழைந்து, கடை போர்டெல்லாம் தெலுங்கில் வந்த பிறகுதான் வண்டியை நிறுத்துவோம். தப்பு என் மேல்தான் இருக்கும். "நான் சொன்னா, நீ கொஞ்சம் யோசிக்க வாணாமா?" என்பாள். சரி, வந்தது வந்துவிட்டோம் என்று அங்கேயே ஒரு கடையில் நாஷ்டா சாப்பிடுவோம். கார சட்னியில் கண்ணில் தண்ணீர் வர, "நல்லாத்தான் கீது, வழி தப்புனதும் நல்லதுக்குத்தான்" என்று இன்னொரு இட்லி கேட்பாள்.

எங்கள் வீடு எளாவூரில். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் வேலை பார்க்கிறேன். பழுக்கக் காய்ந்த இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுக்கும் இடம். அவள் அதே பேட்டையில் மருந்து பாட்டிலுக்கு மூடி போடும் லைனில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஷிப்ட் ஒத்துவரும் நாட்களில் ஒரே வண்டி. அவளைக் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டு நான் மில்லுக்குப் போவேன். சாயங்காலம் அதே கேட்டில் ஏற்றிக்கொள்வேன்.

சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாகத்தான் உட்காருவாள். இரண்டு காலும் இடதுபக்கம், வலது கை என் தோளில், வாய் என் இடது காதுக்குப் பக்கத்தில். வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடும். "லைன்ல புதுசா ஒரு பொண்ணு வந்துகீதுயா. மூடி போட்றான்னா, போட்ட மூடிய எல்லாம் துப்பட்டாவால தொடச்சி தொடச்சி வெக்கிது. மாப்ள பாக்க வராங்கன்னு நெனச்சிக்குச்சி போல" என்பாள். சூப்பர்வைசர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திட்டுவதை அப்படியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு செய்து காட்டுவாள். எனக்குச் சிரிப்பில் ஹேண்டில் ஆடும். பக்கத்தில் வரும் லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி எங்கள் இரண்டு பேரின் வம்சத்தையும் விசாரிப்பான். அவள் அவனுக்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

செக்போஸ்ட் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில் வண்டி ஊர்ந்துதான் போகும். அப்போது ஒவ்வொரு லாரியின் பின்னாலும் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே வருவாள். இந்தி எழுத்து அவளுக்குத் தெரியாது. அதற்காகப் படிக்காமல் விட முடியுமா? "இன்னா எழுதிகிறான் தெரியுமா? பொண்டாட்டி சொல்றத கேட்டு ஓட்றா டேய்னு எழுதிகிறான்" என்பாள். அடுத்த லாரியில், "இவன் பொண்டாட்டி சொல்றத கேக்கலியாம், அதான் டயர் பஞ்சராம்." காலையில் பாதியில் நின்ற கதையை, சாயங்காலம் கேட்டில் ஏறி உட்கார்ந்த உடனே, விட்ட இடத்திலிருந்து தொடருவாள். எனக்கு அந்த ரோட்டில் அலுப்பு என்றால் என்னவென்றே தெரியாது. மில்லில் நாள் முழுக்க நெருப்புப் பக்கத்தில் நின்றவனுக்கு அந்தப் பேச்சுதான் குளிர்ந்த தண்ணீர்.

அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. கரெண்டு போன மாதிரி பட்டென்று நின்றிருந்தால் என்னவென்று கேட்டிருப்பேன். முதலில் குறைந்தது. பிறகு "பாத்துப் போ", "மெதுவா", "பால் பாக்கெட் வாங்கணும்" என்ற அளவுக்கு வந்தது. பிறகு அதுவும் இல்லை. வீட்டில் பேசுவாள், சிரிப்பாள், டிவியைப் பார்த்துத் திட்டுவாள். வண்டியில் ஏறினால் மட்டும் ஊமை. தோளில் கை மட்டும் இருக்கும்.

நான் பல காரணங்கள் கண்டுபிடித்துக்கொண்டேன். ரோடு அகலமாகிவிட்டது, லாரி அதிகமாகிவிட்டது, சத்தத்தில் யார் பேசுவது. மகள் சென்னைக்கு நர்சிங் படிக்கப் போய்விட்டாள், அந்தக் கவலை. பிறகு பின்னால் உட்காருகிறவர்களும் ஹெல்மெட் போட வேண்டும் என்று போலீஸ் பிடிக்க ஆரம்பித்ததும், ஆகா இதுதான் சனியன் என்று முடிவு கட்டினேன். இரண்டு தலையிலும் இரண்டு குண்டான் கவிழ்த்து வைத்தால் பேச்சு எங்கிருந்து வரும்? ஹெல்மெட் வருவதற்கு முன்பே பேச்சு நின்றுவிட்டது என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. கோபப்பட ஒரு பொருள் கிடைத்தால் போதும் எனக்கு.

ஒருநாள் மகள் போனில் சொன்னாள். "அப்பா, ஹெல்மெட்ல மாட்டிக்கிற புளூடூத் வந்துகீதுப்பா. போன் பேசலாம், பாட்டு கேக்கலாம், மேப்பு வழி சொல்லும். ரெண்டு பேரு மாட்டிக்கினா நீங்களும் அம்மாவும் கத்தாமயே பேசிக்கலாம்." முதல் மூன்றும் என் காதில் ஏறவில்லை. கடைசியாகச் சொன்னதுக்காகத்தான் வாங்கினேன். எனக்கு அவள் பேச்சு திரும்ப வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு வண்டி ஆக்சஸரி கடையில் இரண்டு ஹெல்மெட்டிலும் மாட்டிக் கொடுத்தான் கடைக்காரன். காதுக்கு நேராகப் பக்கத்துக்கு ஒரு வட்டமான ஸ்பீக்கர், வாய்க்கு நேராக ஒரு சின்ன மைக். மறுநாள் காலை அவளுக்கு நானே பட்டையைப் பூட்டிவிட்டேன். தெருமுனை தாண்டியதும், "இன்னாமே, கேக்குதா?" என்றேன். "கேக்குது" என்றாள். அவள் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பேசு" என்றேன்.

"இன்னா பேசறது?"

"இன்னாத்தியாவது பேசு."

"ஸ்பீடு பிரேக்கர் வருது பாரு."

கம்பெனி கேட் வரைக்கும் அவ்வளவுதான். அடுத்த நாளும் அவ்வளவுதான். வாரம் முழுக்க ஸ்பீடு பிரேக்கர், மாடு, பள்ளம். மிஷின் நன்றாக வேலை செய்தது. மனுஷிதான் பேசவில்லை. ஆக, சத்தத்தால் இல்லை, ஹெல்மெட்டால் இல்லை, என்னால்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. என்ன செய்தேன் என்று மட்டும் தெரியவில்லை. கேட்டால், "ஒன்னுமில்லயே, நல்லாத்தானே கீறேன்" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கும் ரோஷம். சரி போ என்று பாட்டு போட்டுக்கொண்டேன். மில்லிலிருந்து போன் வந்தால் பேசினேன். தெரிந்த ரோட்டுக்கே மேப்பு போட்டு, அந்தப் பொறுமைசாலியைப் பேசவிட்டேன். பின்சீட்டுக்குக் கொஞ்சம் பொறாமை வரட்டும் என்றுகூட நினைத்தேன். வரவில்லை.

பாட்டு கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது. எனக்குப் பழைய சினிமாப் பாட்டு என்றால் உயிர். வார்த்தைக்கு நடுவே வரும் வாத்தியம் எல்லாம் மனப்பாடம். ஒரு பாட்டில் பல்லவி முடிந்ததும் புல்லாங்குழல் ஒரு பக்கமாக ஓடிவரும், மறுபக்கம் தபலா. ஹெல்மெட்டில் தபலா வந்தது, புல்லாங்குழலைக் காணோம். இன்னொரு பாட்டில் வயலின் கூட்டமே காணோம். சத்தத்தைக் கூட்டினேன். வலதுபக்கம் இடிதான் விழுந்தது. இடது ஸ்பீக்கர் அவுட் என்று தெரிந்துபோயிற்று. சாயங்காலம் அவளையும் ஏற்றிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

"யோவ், இன்னா டுபாக்கூர் ஐட்டம் விக்கிற நீ?" என்றுதான் ஆரம்பித்தேன். கடைக்காரன் நல்ல மனுஷன். ஹெல்மெட்டை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டான். "நல்லா கீதேண்ணா" என்றான். என்னை இன்னும் உசுப்ப வேறு என்ன வேண்டும். "அப்போ எனுக்கு காது டமாரமா?" என்று கத்தினேன். அவன் ஹெல்மெட் உள்ளே பஞ்சை எடுத்து, வலது ஸ்பீக்கரை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றி மாட்டிக் கொடுத்தான். போட்டுப் பார்த்தேன். திரும்பவும் இடதுபக்கம்தான் ஒன்றும் இல்லை. "பாத்தியா, இப்போ நல்லா இருந்ததையும் கெடுத்துட்ட" என்றேன். எனக்கு அப்போதும் புரியவில்லை, அதுதான் என் அறிவு.

கடைக்காரன் என் மனைவியைப் பார்த்தான். அவள் என் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். பிறகு கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கடைக்காரனிடம், "நல்லா கீது தம்பி. இவரு கோவத்த மனசுல வெச்சிக்காத" என்றாள். வீடு வரைக்கும் ஸ்பீடு பிரேக்கர்கூடச் சொல்லவில்லை.

அவளாகத்தான் விசாரித்து, திருவள்ளூரில் ஒரு காது டாக்டரிடம் நேரம் வாங்கினாள். லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் வண்டியில் போனோம். ஒரு சின்ன கண்ணாடி ரூமுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வலது காதில் கீச்சுகீச்சென்று வந்தது, அமுக்கினேன். பிறகு சத்தம் நின்றது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன். வெளியே மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த நர்ஸ் பெண் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அத்தனை நேரமும் இடது காதில் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். காதுக்கு அடைப்பான் கொடுக்கவில்லையா என்றார். கொடுப்பார்கள், ஆரஞ்சு கலர் பஞ்சு. ஆனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால், கம்பி தடம் மாறித் துள்ளி வரும்போது கத்துகிறவன் குரல் எப்படிக் கேட்கும்? அதனால் எங்கள் மில்லில் எல்லோரும் ஒரு காதை அடைத்து ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வோம். எனக்கு ஆள் நின்று கத்துவது இடதுபக்கம். இடதைத் திறந்து வைத்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

"நரம்பு போயிருக்குங்க. ஒரு நாள்ல வந்ததில்ல, பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. போனது வராது. இருக்கிறத காப்பாத்திக்கணும்" என்றார். பிறகு அவளிடம் திரும்பி, "ஏம்மா, நீங்க சொல்றத திரும்பத் திரும்பக் கேப்பாரா? டிவி சத்தம் அதிகமா வெப்பாரா?" என்றார்.

"கேக்கவே மாட்டாரு மேடம். இன்னா சொன்னாலும் தலய ஆட்டுவாரு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "அது மில்லு பழக்கம் மேடம்" என்று டாக்டரிடம் விளக்கினேன். மில் ஓடும்போது ஒருத்தன் வாயை அசைத்தால் எதிராளி உடனே தலையை ஆட்ட வேண்டும். ஆட்டவில்லை என்றால் கவனிக்கவில்லை என்று நினைத்து, கையில் இருக்கும் கம்பியால் முதுகில் ஒன்று வைப்பான். முதலில் தலையை ஆட்டிவிட வேண்டும், என்ன சொன்னான் என்பதைப் பிறகு பக்கத்தில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். காற்றிலும் லாரிச் சத்தத்திலும் அவள் வாய் பக்கத்தில் அசைவது தெரிந்தால் நானும் அப்படித்தான் ஆட்டியிருப்பேன். அங்கே பிறகு கேட்டுக்கொள்வோம். இங்கே கேட்டுக்கொள்ள மறந்துவிட்டேன் போல.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ, நீ தலய ஆட்னா சரின்னு அர்த்தம் இல்லியா?" என்றாள்.

"இல்லமே. நீ பேசற, எனுக்கு தெரியுதுன்னு அர்த்தம்."

அவள் மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பெரியபாளையம் வழியாக வந்தோம். மத்தியானம் தாண்டி, வெயில் மங்கி, மேகம் கட்டியிருந்தது. எனக்கு மனசே சரியில்லை. ஒரு காது போனதற்குக்கூட இல்லை. இந்த மனுஷி எத்தனை கதை சொல்லியிருப்பாள், நான் எத்தனைக்குச் சும்மா தலையாட்டினேன், அதைக் கண்டுபிடித்துத்தான் பேச்சை நிறுத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். ஆரணி ஆற்றுப் பாலம் ஏறும்போது வலது காதில் அவள் குரல் வந்தது.

"யோவ்."

"இன்னாமே."

"ஒருநாள் செக்போஸ்டாண்ட உன்ன ஒன்னு கேட்டேன். நெனப்பு கீதா?"

"இன்னா கேட்ட?"

மேப்பு பெண் நடுவில் புகுந்து, நானூறு மீட்டரில் வலதுபுறம் என்றாள். பிறகு இவள் சொன்னாள். "நீ நைட் ஷிப்ட்டு பாத்துட்டு தூங்காம கூட என்ன உட வந்த. மூஞ்சி வாடி கெடந்துச்சி. நான் பாட்டுக்கு டெய்லி லொடலொடன்னு பேசிக்கினே வரேனே, உனுக்கு பேஜாரா கீதா, நிறுத்திக்கட்டுமாயான்னு கேட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்க வேண்டியதே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"தலய ஆட்ன."

பாலம் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினேன். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. அவள் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை. முன்சீட்டும் பின்சீட்டுமாக அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"இல்லன்னு சொல்லுவன்னுதான்யா கேட்டேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஹெல்மெட்டுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் மைக்கில் கேட்டிருக்கும். தோளில் இருந்த கை கழுத்துக்குப் போய், சட்டைக் காலரைச் சரி செய்தது.

"அப்பறம் நீ சொல்லாம வெச்சிகினு இருந்த கதையெல்லாம் சொல்லுமே" என்றேன். "அத்தினியும் சொல்லு. நான் மெதுவா ஓட்றேன்."

"அத்தெல்லாம் யாரு வெச்சிகினு இருப்பா? அன்னன்னிக்கி நடந்தத அன்னன்னிக்கி சொல்லணும். சொல்லலன்னா போச்சி. எனுக்கே மறந்துபோச்சி."

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்பது போலத்தான் சொன்னாள். காது போனதற்கு டாக்டர் பேப்பர் கொடுத்தார். இதற்கு யாரிடம் போய்ப் பேப்பர் வாங்குவது?

"அப்போ இன்னிக்கிது சொல்லு" என்றேன்.

"இன்னிக்கி இன்னாயா கீது? ரெண்டு பேருமா ஆஸ்பத்திரி போனோம், வந்தோம்."

"அதச் சொல்லு."

பின்சீட்டில் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தாள். மேப்பு பெண் மறுபடியும் ஆரம்பித்தாள், நான் மொபைலை எடுத்து மேப்பை நிறுத்தினேன். வண்டியைக் கிளப்பி ரோட்டில் ஏற்றினேன். கவரைப்பேட்டை ரோட்டுக்குத் திரும்பினோம். பிறகு வலது காதில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"நீ உள்ள போனப்போ எம்பக்கத்துல ஒரு அம்மா வந்து ஒக்காந்துச்சி. புருசன இட்டுகினு வந்துகீது. அந்தாளுக்கு காதுல ஒரு கோளாறும் இல்லியாம். இந்தம்மா பேசறது மட்டும்தான் கேக்கலியாம். டாக்டருகிட்ட சொல்லி ஊசி போட வெக்கப்போறேன்னு உக்காந்துகீது..."

சிரிப்பு வந்தது. பழக்கதோஷம், தலை தானாக ஆடப் பார்த்தது. கழுத்தைக் கெட்டியாக நிறுத்திக்கொண்டேன்.

"அப்பறம்?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.